வாடகை வீட்டில் வாழ்ந்து மறைந்த முதலமைச்சர்: தி.நகரில் காமராஜர் நினைவு இல்லம்

பெருநாள் நெருங்கிவிட்டால் சென்னை முஸ்லிம் குடும்பங்களில் பாதிப் பேரைத் தி.நகரில்தான் பார்க்கலாம். உஸ்மான் சாலையில் துணி, பாண்டி பஜாரில் செருப்பு, பிள்ளைகளுக்கு வளையல் என்று வாங்கி முடித்துப் பஸ் ஏறுவதற்குள் போதும் போதுமென்று ஆகிவிடும். அந்த உஸ்மான் யார் என்று பிள்ளைகள் கேட்டால் சொல்லி வையுங்கள். 1934-ல் சென்னை மாகாணத்தின் தற்காலிக ஆளுநராக இருந்த சர் முகமது உஸ்மான் அவர். சற்றுத் தள்ளி ஹபீபுல்லா சாலை இருக்கிறது. அந்தக் காலத்து முஸ்லிம் தலைவர்களின் பெயர்களை இன்றும் சுமந்து நிற்கும் பகுதி இது. கடைப் பெயர்களை மனப்பாடமாகச் சொல்கிற நம் பிள்ளைகளுக்குத் தெருப் பெயர்கள்தான் தெரிவதில்லை.

அதே தி.நகரில் திருமலைப் பிள்ளை சாலையில் ஒரு வீடு இருக்கிறது. ஒன்பது ஆண்டுகள் இந்த மாநிலத்தை ஆண்டவர், இரண்டு பிரதமர்களைத் தேர்ந்தெடுப்பதில் முன்னின்றவர், அதில் வாடகைக்குக் குடியிருந்தார். அங்கேயே இறந்தார். பெருந்தலைவர் காமராஜரின் அந்த வீடு இப்போது அரசின் பராமரிப்பில் நினைவு இல்லமாக இருக்கிறது. அவருடைய புகைப்படங்கள், படித்த நூல்கள், பயன்படுத்திய பொருட்கள் ஆகியவற்றைப் பார்க்கலாம். துணிக்கடையில் செலவழிக்கும் நேரத்தில் கால் பங்கு கூட ஆகாது.

முஸ்லிம்கள் ஏன் ஒரு தலைவரின் நினைவு இல்லத்துக்குப் போக வேண்டும் என்று சிலர் கேட்கக் கூடும். சிலைக்கு மாலை போடுவதும் படத்துக்கு முன் தலை குனிவதும் நம் வழக்கமல்ல. அதற்காக யாரும் போகச் சொல்லவில்லை. ஒரு மனிதர் எப்படி வாழ்ந்தார் என்பதைக் கண்ணால் பார்ப்பது வேறு. நம் வரலாற்றிலேயே இதற்கு ஒரு செய்தி உண்டு.

நபி (ஸல்) அவர்களின் துணைவியர் வாழ்ந்த அறைகள் மதீனாவில் பள்ளிவாசலை ஒட்டி இருந்தன. சில மண் கல்லால் ஆனவை, சில பேரீச்ச மட்டையால் ஆனவை, கையை உயர்த்தினால் கூரை தொடுகிற உயரம். நபியவர்கள் மறைந்து ஏறக்குறைய எண்பது ஆண்டுகள் வரை அவை அப்படியே இருந்தன. கலீஃபா வலீத் பின் அப்துல் மலிக் பள்ளிவாசலை விரிவுபடுத்த ஆணையிட்டபோதுதான் அவை இடிக்கப்பட்டன. அன்று மதீனா மக்கள் அழுதார்கள். மூத்த தாபிஈ சயீத் பின் முஸய்யிப் (ரஹ்) அவர்கள், அந்த அறைகளை அப்படியே விட்டிருக்கலாமே என்று வருந்தினார்கள். வெளியூரிலிருந்து வருகிறவர்கள் அல்லாஹ்வின் தூதர் எவ்வளவு குறைவைக் கொண்டு வாழ்ந்தார்கள் என்று பார்ப்பார்கள், செல்வத்தைக் குவிக்கும் ஆசை அவர்களுக்குக் குறையும் என்பது அவர்களின் எண்ணம். வரலாற்று நூல்கள் இதைப் பதிவு செய்திருக்கின்றன. யாரையும் நபியவர்களோடு ஒப்பிடுவதற்காக இதைச் சொல்லவில்லை. எளிய வீட்டை எதற்காக விட்டு வைக்க வேண்டும் என்பதற்கு இதைவிடத் தெளிவான விளக்கம் எனக்குத் தெரியாது.

இனி காமராஜரின் கதைக்கு வருவோம்.

1903 ஜூலை 15-ல் விருதுநகரில் பிறந்தார். அப்போது ஊரின் பெயர் விருதுபட்டி. தந்தை குமாரசாமி நாடார் தேங்காய் வியாபாரி. தாய் சிவகாமி அம்மாள். குலதெய்வத்தின் பெயரால் காமாட்சி என்று பெயரிட்டார்கள். தாய் ராஜா என்று கூப்பிட, இரண்டும் சேர்ந்து காமராஜ் ஆனது. நாகம்மாள் என்று ஒரு தங்கை. காமராஜருக்கு ஆறு வயதாக இருக்கும்போது தந்தை இறந்துவிட்டார். ஒரு எத்தீம் பிள்ளையின் வாழ்க்கை எப்படி இருக்குமோ அப்படித்தான் அதன் பிறகு. பள்ளிப் படிப்பு பாதியில் நின்றது. மாமாவின் கடையில் உட்கார்ந்தார்.

கடையில் உட்கார்ந்தவரின் காது தெருவில் இருந்தது. அது ஜாலியன்வாலா பாக் படுகொலை நாட்டையே உலுக்கிய காலம். கிலாஃபத் இயக்கமும் ஒத்துழையாமை இயக்கமும் ஒன்றாகக் கைகோத்து நடந்த காலம். சென்னை மாகாணத்தில் யாகூப் ஹசன் போன்றவர்கள் கிலாஃபத் மேடையிலும் காங்கிரஸ் மேடையிலும் ஒரே குரலில் பேசினார்கள். அந்த அலையில்தான் பதினாறு, பதினேழு வயது காமராஜர் அரசியலுக்குள் வந்தார். பையன் கெட்டுப்போகிறான் என்று பயந்த வீட்டார் அவரைத் திருவனந்தபுரத்தில் இருந்த இன்னொரு மாமாவின் மரக்கடைக்கு அனுப்பினார்கள். அங்கே போனவர் பக்கத்தில் நடந்துகொண்டிருந்த வைக்கம் போராட்டத்தில் கலந்துகொண்டார். கோயிலைச் சுற்றியுள்ள தெருவில் ஒடுக்கப்பட்ட மக்கள் நடக்கக் கூடாது என்ற தடையை எதிர்த்து 1924-ல் தொடங்கிய போராட்டம் அது. வீட்டார் திரும்ப அழைத்துக்கொண்டார்கள். திருமணம் செய்து வைக்க முயன்றார்கள். அவர் கடைசி வரை திருமணம் செய்துகொள்ளவில்லை.

1930-ல் வேதாரண்யம் உப்புச் சத்தியாகிரகத்தில் கைதாகி வங்காளத்தில் உள்ள அலிப்பூர் சிறை வரை கொண்டு செல்லப்பட்டார். அடுத்த ஆண்டு காந்தி இர்வின் ஒப்பந்தத்தால் வெளியே வந்தார். அதன் பிறகும் பல தடவை சிறை. மொத்தத்தில் வாழ்நாளில் ஒன்பது ஆண்டுகளுக்கு அருகில் அங்கேயே கழிந்தது. ஒன்றை மட்டும் இங்கே சொல்ல வேண்டும். 1941-ல் அவர் வேலூர் சிறையில் இருந்தபோது விருதுநகர் நகராட்சித் தலைவராக அவரைத் தேர்ந்தெடுத்தார்கள். விடுதலையாகி வந்தவர் நாற்காலியில் ஒரு முறை உட்கார்ந்துவிட்டு ராஜினாமா செய்தார். முழுமையாகச் செய்ய முடியாத பொறுப்பை வைத்துக்கொள்ளக் கூடாது என்பது அவர் கருத்து. பதவி என்பது அமானிதம் என்று நாம் மிம்பரில் கேட்கிறோம். ஜமாஅத் நிர்வாகத்தில் பெயரை மட்டும் கொடுத்துவிட்டுக் கூட்டத்துக்கே வராதவர்களையும் பார்க்கிறோம்.

1954 ஏப்ரல் 13-ல் முதலமைச்சர் ஆனார். அமைச்சரவையில் அவரையும் சேர்த்து எட்டே பேர். கட்சித் தலைமைக்குத் தன்னை எதிர்த்துப் போட்டியிட்ட சி.சுப்பிரமணியத்தையும், அவர் பெயரை முன்மொழிந்த பக்தவத்சலத்தையும் அதில் சேர்த்துக்கொண்டார். சட்டமன்ற உறுப்பினராக வேண்டுமே, அதற்குச் சொந்த ஊர்ப் பக்கம் போகவில்லை. வட ஆற்காடு மாவட்டத்தின் குடியாத்தம் தொகுதியில் இடைத்தேர்தலில் நின்று வென்றார். பேரணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி என்று தோல் தொழில் ஊர்கள் வரிசையாக இருக்கும் பகுதி அது. அங்கே நம் மக்கள் எவ்வளவு பேர் என்று சொல்ல வேண்டியதில்லை. 1962-ல் அவர் அமைத்த அமைச்சரவையில் எஸ்.எம்.அப்துல் மஜீத் அமைச்சராக இருந்தார்.

ஆனால் அவருக்கு நாம் பட்டிருக்கும் கடன் அமைச்சர் பதவிக் கணக்கில் இல்லை. பள்ளிக்கூடக் கணக்கில் இருக்கிறது.

அவருக்கு முன் ராஜாஜி ஆட்சியில் ஒரு கல்வித் திட்டம் வந்தது. கிராமத்துத் தொடக்கப் பள்ளிகளில் பிள்ளைகள் பாதி நேரம் படிப்பார்கள், மீதி நேரம் தகப்பனின் தொழிலைக் கற்றுக்கொள்வார்கள். குலக்கல்வித் திட்டம் என்று பெரியாரும் மற்றவர்களும் அதை எதிர்த்தார்கள். இந்தச் சண்டையை நாம் பெரும்பாலும் இந்துச் சாதிகளின் சண்டையாகவே பார்க்கிறோம். யோசித்துப் பாருங்கள். மேலப்பாளையத்துத் தறிக்காரர் மகன், பேரணாம்பட்டுத் தோல் தொழிலாளி மகன், கடலோர ஊர்களின் மீன்காரர் மகன் ஆகியோரும் அந்தக் கணக்கில் தகப்பன் தொழிலுக்குத்தான் திரும்பியிருப்பார்கள். காமராஜர் பதவிக்கு வந்த உடனே அந்தத் திட்டத்தைக் கைவிட்டார்.

அடுத்துப் பள்ளிகளைத் திறந்தார். முந்நூறு பேர் வாழும் சிற்றூருக்கும் தொடக்கப் பள்ளி, ஒரு மைல் தூரத்துக்குள் அது இருக்க வேண்டும் என்பது இலக்கு. இந்த ஒரு மைல் என்பதை நம் குடும்பங்கள் சற்று நின்று பார்க்க வேண்டும். பெண் பிள்ளையைத் தூரத்துக்கு அனுப்ப மாட்டோம் என்று இருந்த காலம் அது. பள்ளி மூன்று மைலுக்கு அப்பால் இருந்தால் பையன் நடந்து போவான். பெண் வீட்டில் இருப்பாள். தெருவுக்கு அருகில் பள்ளி வந்தபோதுதான் நம் பாட்டிமார்களில் பலர் நான்காவது, ஐந்தாவது வரையாவது படித்தார்கள். குர்ஆன் மதரஸாவுக்குப் போய் வந்த அதே நடையில் பள்ளிக்கும் போய் வர முடிந்தது. உங்கள் வீட்டில் எண்பது வயதைத் தாண்டிய பெரியம்மாவோ நன்னியோ இருந்தால், எந்த ஆண்டு எந்தப் பள்ளியில் சேர்ந்தார்கள் என்று கேட்டுப் பாருங்கள்.

பள்ளி இருந்தும் பிள்ளைகள் வரவில்லை. பசி. ஆடு மாடு மேய்க்கும் சிறுவர்களை வழியில் பார்த்து விசாரித்ததாகப் பல கதைகள் இருக்கின்றன. எதுவாயினும் 1956-ல் மதிய உணவுத் திட்டம் தொடங்கியது. அரசுப் பணத்தில் மட்டும் அது தொடங்கவில்லை. ஊர் மக்கள் அரிசியும் காய்கறியும் காசும் கொடுத்து நடத்தினார்கள். அரசு தன் பங்கைப் போட்டது. தனக்கு வேறு வேலையில்லாவிட்டால் இதற்காக ஊர் ஊராகப் பிச்சை எடுக்கவும் தயார் என்ற பொருளில் அவர் பேசியதாகச் சொல்வார்கள்.

பள்ளிப் பிள்ளைகளுக்குச் சோறு போடும் யோசனை முதலில் அவருடையதல்ல. 1920-ல் சென்னை மாநகராட்சியின் தலைவராக இருந்த சர் பிட்டி தியாகராயர் ஆயிரம் விளக்குப் பகுதி மாநகராட்சிப் பள்ளியில் அதைத் தொடங்கி வைத்தார். தியாகராய நகருக்குப் பெயர் தந்தவர் அவர்தான். ஆயிரம் விளக்கு என்ற பெயரோ அங்குள்ள பள்ளிவாசலால் வந்தது. நகராட்சியின் சில பள்ளிகளில் நின்றுபோன ஒரு நல்ல காரியத்தை மாநிலம் முழுவதும் கொண்டு சென்றவர், அதை ஆரம்பித்தவரின் பெயருள்ள நகரில் குடியிருந்தார்.

சீருடை, ஏழைப் பிள்ளைகளுக்கு உயர்நிலைப் பள்ளி வரை கட்டணமில்லாப் படிப்பு ஆகியவையும் அந்த ஆண்டுகளில் வந்தவை. பொதுக்கல்வி இயக்குநராக இருந்த நெ.து.சுந்தரவடிவேலு ஊர்களில் பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளை நடத்தினார். ஊரார் மேசை, நாற்காலி, கரும்பலகை, கட்டடம் என்று கொண்டு வந்து கொடுத்தார்கள். இதே காலத்தில்தான் அதிராம்பட்டினத்தில் 1955-ல் காதிர் முகைதீன் கல்லூரியும், உத்தமபாளையத்தில் 1956-ல் ஹாஜி கருத்த ராவுத்தர் ஹௌதியா கல்லூரியும் எழுந்தன. அவற்றை நிறுவியது நம் சமுதாயத்துக் கொடையாளர்கள். ஆனால் கல்லூரி வாசலுக்கு வந்து சேர உயர்நிலைப் பள்ளி முடித்த பிள்ளைகள் வேண்டுமே. கொடையாளர் கட்டிய மாடிக்கு அரசு போட்ட படிக்கட்டு அது.

அணைகள், மின்சாரம், நெய்வேலி, பெரம்பூர் ரயில் பெட்டித் தொழிற்சாலை, கிண்டி தொழிற்பேட்டை, திருச்சி பாய்லர் தொழிற்சாலை என்று பாடப்புத்தகத்தில் இருப்பவற்றை இங்கே திரும்ப எழுதவில்லை.

வீட்டைப் பற்றிய கட்டுரை என்பதால் விருதுநகர் வீட்டையும் பார்த்துவிட வேண்டும். அங்கே தாய் இருந்தார். மகன் மாதம் ஒரு சிறு தொகை அனுப்பினார். முதலமைச்சரின் தாய் என்பதால் வந்து போகிறவர்கள் அதிகம், செலவும் அதிகம். தொகையைக் கூட்டிக் கேட்டபோது கூட்டவில்லை. நகராட்சி அந்த வீட்டுக்குத் தனிக் குழாய் இணைப்புக் கொடுத்தது. தெரிந்தவுடன் எடுக்கச் செய்தார். தெருக் குழாயில் எல்லோரும் பிடிக்கும் தண்ணீரைத் தன் தாயும் பிடிக்கட்டும் என்று விட்டுவிட்டார். பக்கத்து இடத்தை வாங்கிக் கழிப்பறை கட்டிக்கொள்ளத் தாய் பணம் கேட்டதற்கும் சம்மதிக்கவில்லை. முதலமைச்சர் வீடு வாங்கிவிட்டார் என்று ஊர் பேசும் என்பது அவர் பயம். விருதுநகரில் இன்றும் வழங்கும் செய்திகள் இவை.

இதில் எனக்கு ஒரு தயக்கம் உண்டு. தாய்க்குச் செய்வதில் நம் மார்க்கம் காட்டும் முன்னுரிமையை வைத்துப் பார்த்தால், கழிப்பறை கூட இல்லாமல் ஒரு தாயை வைத்திருப்பது எளிமையா, கடுமையா என்று மனம் கேட்கிறது. தன் சொந்த உழைப்பிலிருந்து கொடுப்பதற்குத் தடையில்லையே. ஆனால் முழு நேர அரசியலுக்கு வந்துவிட்டவருக்குச் சொந்த வருமானம் என்று ஏது? குழாய் விஷயத்தில் தயக்கமே இல்லை. அது ஊர்ச் சொத்து. கலீஃபா உமர் பின் அப்துல் அஸீஸ் (ரஹ்) அவர்கள் அரசாங்க வேலைக்கு ஒரு விளக்கும், பேச்சு சொந்த விஷயத்துக்குத் திரும்பினால் வேறு விளக்கும் வைத்திருந்தார்கள் என்ற செய்தி நம் பிள்ளைகளுக்கு மனப்பாடம். அந்த விளக்கும் இந்தக் குழாயும் ஒரே வகை.

மேலே சொன்ன மதீனா அறைகளை இடிக்கும் பணி நடந்தபோது அந்த ஊரின் ஆளுநராக இருந்து கலீஃபாவின் ஆணையை நிறைவேற்றியதும் இதே உமர் பின் அப்துல் அஸீஸ்தான். பிற்காலத்தில் தாமே கலீஃபாவானபோது அரண்மனை வாழ்வை விட்டு எளிமைக்குத் திரும்பினார்கள்.

1963 அக்டோபர் 2-ல் காமராஜர் தானாக முதலமைச்சர் பதவியை விட்டார். மூத்த தலைவர்கள் பதவியை விட்டுவிட்டுக் கட்சி வேலைக்கு வரவேண்டும் என்ற திட்டத்தைச் சொன்னவரே முதலில் செய்து காட்டினார். அந்தத் திட்டத்தின்படி விலகிய ஆறு முதலமைச்சர்களில் காஷ்மீரின் பக்ஷி குலாம் முகமதும் ஒருவர். அடுத்த ஆண்டு காமராஜர் அகில இந்தியக் காங்கிரஸ் தலைவரானார். நேரு 1964 மே மாதம் மறைந்தபோது சாஸ்திரியையும், சாஸ்திரி 1966 ஜனவரியில் தாஷ்கண்டில் மறைந்தபோது இந்திரா காந்தியையும் பிரதமராக்கியதில் அவர் பங்கு பெரிது. தான் அந்த நாற்காலிக்கு ஆசைப்படவில்லை.

டெல்லியில் அவருக்கு ஒரு வீடு இருந்தது. அந்த வீட்டுக்கு நேர்ந்ததை நம்மில் பலர் மறந்துவிட்டோம்.

1966 நவம்பர் 7. பசுவதைத் தடைச் சட்டம் வேண்டும் என்று கேட்டுப் பெரும் கூட்டம் நாடாளுமன்றத்தை நோக்கி வந்தது. முன்வரிசையில் சாதுக்கள். நாடாளுமன்ற வாசலில் மோதல், துப்பாக்கிச் சூடு, உயிரிழப்பு. கலைந்த கூட்டம் நகரத்துக்குள் புகுந்து வாகனங்களுக்கும் கட்டடங்களுக்கும் தீ வைத்தது. காமராஜரின் வீட்டையும் தாக்கி நெருப்பு வைத்தது. அவர் காயமின்றித் தப்பினார். உள்துறை அமைச்சர் குல்சாரிலால் நந்தா பதவி விலகினார்.

இன்று பசுவின் பெயரால் தெருவில் மனிதர்கள் அடித்துக் கொல்லப்படும் செய்தியைப் படிக்கும்போது, இது நமக்கு மட்டும் நேர்கிறது என்று நினைக்கிறோம். ஏறக்குறைய அறுபது ஆண்டுகளுக்கு முன், ஆளும் கட்சியின் தலைவர், விருதுநகரின் இந்துக் குடும்பத்தில் பிறந்தவர், அதே கோஷத்தோடு வந்த கூட்டத்தால் வீடு எரிக்கப்பட்டார். அந்த நெருப்புக்குப் பிறகும் அவர் தன் பேச்சை மாற்றிக்கொள்ளவில்லை. மதச்சார்பின்மையை மேடைச் சொல்லாக மட்டும் வைத்திருந்தவர்கள் எத்தனையோ பேர். அவர் அதற்கு ஒரு விலையும் கொடுத்தவர்.

அடுத்த சில மாதங்களில் 1967 பொதுத் தேர்தல். தமிழ்நாட்டில் தி.மு.க. அணியில் முஸ்லிம் லீகும் இருந்தது. அதாவது காயிதே மில்லத் முஹம்மது இஸ்மாயில் சாஹிப் காமராஜரை எதிர்த்த அணியில் இருந்தார்கள். அரிசித் தட்டுப்பாடு, 1965 மொழிப் போராட்டத்தில் நடந்த துப்பாக்கிச் சூடுகள், காங்கிரஸ்காரர்களின் மிதப்பு ஆகியவற்றில் மக்களுக்கு இருந்த கோபம் நியாயமானது. அப்போது முதலமைச்சர் பக்தவத்சலம் என்றாலும் கட்சித் தலைவர் என்ற முறையில் காமராஜர் அதிலிருந்து கழன்றுகொள்ள முடியாது. சொந்த ஊரான விருதுநகரிலேயே பெ.சீனிவாசன் என்ற இளைஞரிடம் 1,285 வாக்குகளில் தோற்றார். ஊர் ஊராகப் பள்ளி திறந்தவரைப் பள்ளி முடித்து வந்த தலைமுறை தோற்கடித்தது.

நம் பெரியவர்கள் அன்று எடுத்த அரசியல் முடிவு சரியா தவறா என்பது இந்தக் கட்டுரையின் வேலையல்ல. காயிதே மில்லத்தும் காமராஜரும் எதிரெதிர் அணியில் நின்றார்கள். ஆனால் பதவியை வைத்துச் சொத்துச் சேர்க்காததில் இருவரும் ஒரே வரிசை. காயிதே மில்லத் 1972 ஏப்ரலில் மறைந்து திருவல்லிக்கேணி வாலாஜா பள்ளிவாசல் வளாகத்தில் அடக்கம் செய்யப்பட்டார்கள். காமராஜர் மூன்று ஆண்டு கழித்து மறைந்தார். வேறு அணிக்கு வாக்களித்ததற்காகப் பள்ளியில் படித்த கடன் தீர்ந்துவிடாது. அந்த இரண்டையும் பிரித்துப் பார்க்கும் பக்குவம் அந்தத் தலைமுறைக்கு இருந்தது. இன்று எந்தக் கட்சியை ஆதரிக்கிறோமோ அந்தக் கட்சியின் ஆள் மட்டுமே நல்லவர் என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறோம். வாட்ஸ்அப் குழுக்களைத் திறந்தால் தெரியும்.

தோற்ற பிறகு 1969-ல் நாகர்கோவில் இடைத்தேர்தலில் வென்று நாடாளுமன்றம் போனார். அதே ஆண்டு கட்சி உடைந்தது. அவர் ஆதரித்துப் பிரதமராக்கியவர் ஒரு பக்கம், அவர் மறுபக்கம். 1971-லும் நாகர்கோவில் அவரைக் கைவிடவில்லை. 1975 ஜூனில் நெருக்கடி நிலை வந்தது. கூட இருந்த தலைவர்கள் நாடு முழுவதும் சிறைக்குப் போனார்கள். அந்தக் கடைசி மாதங்களைத் திருமலைப் பிள்ளை சாலை வீட்டில் மிகுந்த வேதனையோடு கழித்தார்.

1975 அக்டோபர் 2. முதலமைச்சர் பதவியை விட்டுச் சரியாகப் பன்னிரண்டு ஆண்டு. காந்தி ஜெயந்தி நாள். மதிய உணவுக்குப் பின் படுத்தவருக்கு உடல்நிலை சரியில்லை. மருத்துவருக்குத் தகவல் போனது. உதவியாளரிடம் அறை விளக்கை அணைக்கச் சொல்லிவிட்டுப் படுத்தார் என்பார்கள். மருத்துவர் வந்தபோது உயிர் பிரிந்திருந்தது. கிண்டியில் காந்தி மண்டபத்தை ஒட்டி அவர் உடல் எரியூட்டப்பட்டது. அந்த இடத்திலும் நினைவகம் இருக்கிறது. அடுத்த ஆண்டு பாரத ரத்னா அறிவித்தார்கள்.

வீட்டில் இருந்தவற்றைக் கணக்கெடுத்தபோது சில வேட்டி சட்டைகள், செருப்பு, புத்தகங்கள், நூற்று முப்பது ரூபாய் என்று பரவலாகச் சொல்லப்படுகிறது. ரூபாய்க் கணக்கில் ஐம்பது கூடுதலோ குறைவோ இருக்கட்டும். சொந்த வீடு இல்லை என்பதில் சந்தேகமில்லை. குடியிருந்த வீடு இன்னொருவருடையது. அதைப் பிறகு அரசு எடுத்து நினைவு இல்லமாக்கியது. விருதுநகரில் அவர் பிறந்து வளர்ந்த வீடும் அப்படியே பாதுகாக்கப்படுகிறது. டெல்லி வீட்டுக்கு அந்த வாய்ப்பு இல்லாமல் போனது.

2006 முதல் ஜூலை 15-ஐத் தமிழக அரசு கல்வி வளர்ச்சி நாளாகக் கொண்டாடுகிறது. நம் பிள்ளைகளும் அன்று பள்ளியில் காமராஜர் பற்றிப் பேச்சுப் போட்டியில் பேசுகிறார்கள். எழுதிக் கொடுத்ததை ஒப்பிக்கிறார்கள், பரிசு வாங்குகிறார்கள். சென்னையில் இருப்பவர்கள் அந்த வாரத்தில் ஒரு நாள் திருமலைப் பிள்ளை சாலைக்குக் கூட்டிப் போகலாம். ஜி.என்.செட்டி சாலைப் பக்கமிருந்து வந்தால் எளிது. உள்ளே போனதும் புகைப்படங்களைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிட வேண்டாம். கட்டில், நாற்காலி, புத்தக அலமாரி, அறையின் அளவு ஆகியவற்றைப் பிள்ளைகள் கவனிக்கட்டும். நம் வீட்டு ஹாலைவிட இது பெரியதா, சின்னதா என்று அவர்களே சொல்லட்டும். தெருவுக்கு வெளியே வந்து இரண்டு பக்கமும் நிற்கும் அடுக்குமாடிகளையும் ஒரு முறை நிமிர்ந்து பார்க்கட்டும்.